ஏரியும் உடம்பும் ஒரே பாடம்: 'சுற்றுச்சூழலும் மனித நலமும்' முதுநிலைப் படிப்பு பற்றி நம் குடும்பங்களுக்கு



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் விலங்கியலில் பி.எஸ்சி. முடித்தவள். வெளிநாட்டில் 'சுற்றுச்சூழலும் மனித நலமும்' என்று ஒரு முதுநிலைப் படிப்பு இருப்பதாகக் கல்லூரி ஆசிரியர் அவளிடம் சொல்லியிருக்கிறார். தாய் கேட்டார்: "பாய், டாக்டர் படிப்புன்னா தெரியும், டீச்சர் படிப்புன்னா தெரியும். இது என்ன படிப்பு? படிச்சா என்ன வேலை கிடைக்கும்? அவங்க அத்தா வேணாங்கறார். நீங்கதான் சொல்லணும்."

ஏன் இதைப் படிக்க ஆசைப்படுகிறாய் என்று மகளிடம் கேட்டோம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். "அத்தாவுக்கு இறால் வியாபாரம். வருஷத்துல பாதி நாள் கையில அரிப்பு, வெடிப்பு. ஆஸ்பத்திரியில களிம்பு எழுதித் தர்றாங்க. ஏரித் தண்ணியை பாட்டில்ல எடுத்துட்டுப் போய் சோதிக்கிறவங்களும் வர்றாங்க. களிம்பு தர்றவங்க தண்ணியைப் பத்திக் கேட்கறதில்ல. தண்ணி எடுக்கறவங்க அத்தா கையைப் பார்க்கறதில்ல. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கற படிப்பு இதுதான்னு சார் சொன்னார்."

அன்று எங்களிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதை இந்த இதழின் பாடமாகத் தருகிறோம். அந்தக் குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஏரிக்கரையில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

இரண்டு அறைகளில் கிடக்கும் ஒரு கேள்வி

எளாவூரில் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஆரணியாறும் காளங்கியாறும் சொர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் அதில் கலக்கின்றன. தென்மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஊரை ஒட்டியே சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. சோதனைச்சாவடியில் வரிசையாக லாரிகள். தெற்கே போனால் காட்டுப்பள்ளி, எண்ணூர், அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள்.

முகத்துவாரத்தை மணல் மூடினால் ஏரியின் உப்புத்தன்மை மாறுகிறது. இறால் வரத்தும் மாறுகிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே அமோனியா வாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத்திணறலோடு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதனால் எங்கள் உடம்புக்கு என்ன ஆகும்?" இதற்கு மருத்துவர் தனியாகப் பதில் சொல்ல முடியாது. நீரையும் காற்றையும் அளப்பவரும் தனியாகச் சொல்ல முடியாது. ஒருவர் உடம்பைப் படித்தவர், மற்றவர் சூழலைப் படித்தவர். கேள்வி இரண்டு அறைகளுக்கும் நடுவே கிடக்கிறது. இரண்டு அறைகளுக்கும் போய்வரத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்வதே நாம் பேசும் முதுநிலைப் படிப்பின் வேலை.

கேள்வி பழையது

ஊரின் காற்றும் நீரும் உடம்பைப் பாதிக்கும் என்பது நம் முன்னோர் அறியாததல்ல. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், எகிப்தில் வரும் நோய்களைத் தடுப்பது பற்றித் தனி நூலே எழுதினார். நைல் நதியின் நீர், தெருவில் வீசப்படும் கழிவு, குளியல் கூடங்களின் அடுப்புப் புகை ஆகியவற்றை அவர் மருத்துவத்தின் பகுதியாகவே பார்த்தார். பிற்காலத்தில் படிப்புகள் கிளை கிளையாகப் பிரிந்தன. மருத்துவம் ஒரு கல்லூரிக்கும், நீரும் மண்ணும் இன்னொரு கல்லூரிக்கும் போய்விட்டன.

அந்தப் பிரிவின் விலை என்ன என்பதை உலகத்துக்குக் காட்டியது ஜப்பானின் மினமாட்டா. அதுவும் நம் ஊர்களைப் போல மீன்பிடி ஊர்தான். 1950களில் அங்கே பூனைகள் நடுங்கித் துள்ளி விழுந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் மரத்தது, பார்வை குறுகியது, பேச்சு குழறியது. 1956 மே 1ஆம் தேதி இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தார்கள். வளைகுடாவில் கழிவுநீரைக் கொட்டிய வேதித் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் மீனில் சேர்ந்து, மீன் வழியே மனிதருக்குப் போயிருந்தது. ஆனாலும் ஜப்பான் அரசு அதை முழுமையாக ஒப்புக்கொண்டது 1968இல்தான். நோய் பதிவானதற்கும் அரசு ஒப்புக்கொண்டதற்கும் நடுவே 12 ஆண்டுகள். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அந்த மீனைத் தின்றுகொண்டே இருந்தன. வெளியே நலமாகத் தெரிந்த தாய்மாருக்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன.

முதலில் கவனித்தவர்கள் மீனவக் குடும்பங்கள். ஆனால் தாங்கள் கண்டதை அதிகாரிகளும் நீதிமன்றமும் ஏற்கும் வகையில் கணக்காக்கிச் சொல்ல அவர்களிடம் ஆள் இல்லை. இந்த இடத்தை நம் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய சேலையும் காலராவும்

இரண்டு அறிவும் சேர்ந்தால் என்ன நன்மை வரும் என்பதற்கு வங்கதேசம் ஓர் உதாரணம். காலராவை உண்டாக்கும் கிருமி உவர்நீரில் இயல்பாகவே வாழக்கூடியது. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பிராணிகளின் மேல் அது ஒட்டிக்கொள்கிறது. இதைக் கண்டறிந்ததில் ரீட்டா கோல்வெல் என்ற நுண்ணுயிரியல் அறிஞருக்குப் பெரும் பங்குண்டு. கிருமி மிகச் சிறியது, துணியில் நிற்காது. ஆனால் அது ஒட்டியிருக்கும் பிராணி பெரியது, அது நிற்கும். அப்படியானால் துணியால் வடிகட்டினாலே பெரும்பகுதி கிருமி போய்விடும் அல்லவா?

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டும்படி பெண்களிடம் சொன்னார்கள். சேலையால் வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முடிவுகள் 2003இல் வெளிவந்தன.

நீரியல், உயிரியல், மருத்துவம், புள்ளிக்கணக்கு, வீட்டுப் பெண்களின் பழக்கம் ஆகிய ஐந்தும் இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. காசில்லாத ஒரு வழி பிறந்தது இந்தச் சேர்க்கையால்தான். (கொதிக்கவைத்த நீருக்கு இது ஈடல்ல. விறகும் வசதியும் இல்லாத இடத்துக்கு வந்த வழி இது. நம் வீடுகளில் நீரைக் கொதிக்கவைப்பதே நல்லது.)

அதே வங்கதேசத்தின் குல்னா கடலோரப் பகுதியில், உப்பு ஏறிய ஆழமில்லாக் குழாய்க்கிணற்று நீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு, மழைநீர் குடிப்பவர்களைவிட இரத்தஅழுத்தக் கோளாறு அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கிணற்று நீர் கரிக்கிறது என்று நாம் சலித்துக்கொள்வதோடு விட்டுவிடும் ஒன்று, கர்ப்பிணியின் உடல்நலக் கேள்வியாக மாறுவது இப்படித்தான்.

போரூரில் நடப்பது

இப்படிப்பட்ட ஆய்வும் படிப்பும் வெளிநாட்டில்தான் என்று எண்ண வேண்டாம். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் நலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் வளர்ந்த துறை அது. தொழில்–சுற்றுச்சூழல் நலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டுறவு மையமாகவும் செயல்படுகிறது. பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தில் தொழில்–சுற்றுச்சூழல் நலம் என்ற பிரிவு அங்கே கற்பிக்கப்படுகிறது.

இந்தத் துறை வளர்ந்த கதையே ஒரு சர்வதேசக் கதை. அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த பேராசிரியர் கிர்க் ஸ்மித், 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் விறகடுப்புப் புகையை அளந்தவர். அடுப்படிப் புகை பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடியது என்று உலகை நம்பவைத்தவர்களில் முதன்மையானவர். 2020இல் காலமானார். அவரோடு இணைந்து போரூர் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் பல ஆண்டுகள் புகையை அளந்தார்கள்.

அவர்களது இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்கிறோம். முதலாவது, தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. 2018இல் வெளியானது. காற்றில் உள்ள நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடக்கூட, பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்று அது கண்டது. 4 கிராம் சிறிதுதான். ஆனால் விறகுப் புகை சூழ்ந்த வீட்டில் இந்தப் 'பத்து' பல மடங்கு ஏறும்.

இரண்டாவது ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்தது. இந்தியப் பகுதி தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கங்களில் நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. மீதிப் பேர் விறகிலேயே சமைத்தார்கள். எரிவாயு வீடுகளில் புகை வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் எடை கூடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: இரு தரப்புக் குழந்தைகளின் எடையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

எதிர்பார்த்தது கிடைக்காதபோது அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். புகை தீங்கில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. கர்ப்ப காலத்தின் நடுவில் அடுப்பை மாற்றுவது மட்டும் எடைக்குப் போதவில்லை, வேறென்ன என்று தேட வேண்டும் என்பதே பொருள். இந்தப் படிப்பைப் படிக்க வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டிய குணம் இதுதான். குற்றவாளி யார் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு ஆதாரம் தேடக் கூடாது.

சர்வதேசப் படிப்பு எப்படி உருவாகிறது?

நான்கு நாடுகளில் ஒரே கேள்வியை ஏன் கேட்டார்கள்? ஓர் ஊரில் கண்டது அந்த ஊரின் உணவாலோ தட்பவெப்பத்தாலோ இருக்கலாம். நான்கு இடத்திலும் ஒன்றாக இருந்தால் உறுதி கூடும். காற்றுக்கும் கடலுக்கும் எல்லைக் கோடு கிடையாது. நம் ஏரியே தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. ஆகவே படிப்பையும் பல நாட்டுக் கல்வி நிலையங்கள் சேர்ந்து அமைக்கத் தொடங்கின.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் இதற்குப் பெயர்பெற்றது. 2004இல் தொடங்கியது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடி ஒரே பாடத்திட்டத்தை அமைக்கின்றன. மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படித்துக் கூட்டுப் பட்டமோ இரட்டைப் பட்டமோ பெறுகிறார். பொதுச் சுகாதாரம், நீர், கடல்சூழல் ஆகிய துறைகளில் இந்த வகைப் படிப்புகள் நடந்துவருகின்றன. இங்கிலாந்தில் எக்சிடர் பல்கலைக்கழகம் கார்ன்வால் கடற்கரையில் 'சுற்றுச்சூழலும் மனித நலமும்' என்ற பெயரிலேயே ஒரு மையம் வைத்திருக்கிறது. கார்ன்வாலும் மீன்பிடித் துறைகளும் பழைய சுரங்கங்களும் நிறைந்த பகுதி.

இப்படி ஒரு படிப்பை அமைப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து தூண்களை நிறுத்துகிறார்கள்.

ஒன்று, சூழலை அளப்பது. காற்று, நீர், மண், வெப்பம் ஆகியவற்றை எந்தக் கருவியால், எத்தனை நாள், எந்த இடத்தில் அளப்பது என்ற அறிவு.

இரண்டு, நஞ்சு உடம்புக்குள் போகும் வழி. மூச்சாலா, உணவாலா, தோலாலா? எவ்வளவு போனால் தீங்கு? ஒரே நீரில் குளிப்பவருக்கும் அதைக் குடிப்பவருக்கும் ஆபத்து வேறு வேறு.

மூன்று, நோயைக் கணக்கிடுவது. நூறு பேரில் எத்தனை பேருக்கு, யாருக்கு, எப்போது என்று எண்ணி ஒப்பிடும் கலை. புள்ளியியல் இதன் முதுகெலும்பு.

நான்கு, சட்டமும் மக்களும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், பசுமைத் தீர்ப்பாயம் ஆகியவை எப்படி இயங்குகின்றன, மக்களிடம் முடிவை எப்படிச் சொல்வது என்பது.

ஐந்து, களப்பணி. ஓர் ஊரில் தங்கி ஒரு கேள்விக்கு விடை தேடி ஆய்வறிக்கை எழுதுவது.

முதல் நான்கும் வகுப்பறையில் கிடைக்கும். ஐந்தாவதற்குத்தான் நம் போன்ற ஊர்களை அவர்கள் தேடி வருகிறார்கள். ஏரியின் எந்தப் பக்கம் எப்போது தண்ணீர் கரிக்கும், முகத்துவாரம் அடைபட்டால் முதலில் எந்த மீன் போகும், இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள் யார், ஓலைப் பின்னும் பெண்கள் எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பால்குடி நாள் முதல் தெரியும். அந்த அறிவோடு இந்தப் படிப்பும் சேர்ந்தால் நம் ஊர் மற்றவர்களின் ஆய்வறிக்கையில் ஒரு வரியாக நின்றுவிடாது. நம் கேள்வியை நாமே கேட்கலாம்.

ஒரு பயிற்சி: கை அரிப்பை எப்படி ஆராய்வது?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். அவளுடைய அத்தாவின் கை அரிப்புக்கு ஏரித் தண்ணீர்தான் காரணமா? இந்தப் படிப்பைப் படித்தவர் என்ன செய்வார் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், அரிப்பு உள்ளவர்களை மட்டும் தேடமாட்டார். அரிப்பு இல்லாதவர்களையும் சேர்த்துக் கேட்பார். படகில் போய் வலை வீசுபவர், நீருக்குள் இறங்கி இறால் பிடிப்பவர், ஏலத்துறையில் ஐஸ் பெட்டியோடு நிற்பவர், இறால் உரிக்கும் பெண்கள், ஏரிப் பக்கமே போகாத கடைக்காரர் என்று எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்.

அடுத்து, உடம்பில் எந்த இடம் என்று பார்ப்பார். ஏரி நீர்தான் காரணம் என்றால் நீரில் நிற்பவரின் கால், தொடை, இடுப்பு வரை அரிப்பு இருக்க வேண்டும். கை விரல்களில் மட்டும் என்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்பும்.

பிறகு காலத்தைப் பார்ப்பார். மழைக்குப் பின்பா, முகத்துவாரம் அடைபட்ட மாதங்களிலா, இறால் வரத்து அதிகமான நாட்களிலா?

அதன் பிறகுதான் பாட்டிலைக் கையில் எடுப்பார். ஏரி நீரோடு ஐஸ் உருகிய நீரையும், கை கழுவும் கிணற்று நீரையும், பயன்படுத்தும் சோப்பையும் பார்ப்பார். தேங்கிய நீரில் நத்தைகளிலிருந்து வெளிவரும் சில நுண்புழுக்கள் தோலில் அரிப்பு தருவதுண்டு. எப்போதும் ஈரமாக இருக்கும் விரலிடுக்கில் பூஞ்சை வளரும். இறாலின் சதையிலுள்ள புரதமே அதை நாள் முழுக்கக் கையாள்பவர்களின் தோலில் ஒவ்வாமை தரும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. குளிர்ந்த ஐஸ் நீர் தோலை வெடிக்கவைத்து அதற்குக் கதவைத் திறந்துவிடும்.

ஆக, ஏரி குற்றவாளியாக இருக்கலாம். ஐஸ் பெட்டியாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். விடை எதுவோ அதைப் பொறுத்தே மருந்தும் மாறும். ஐஸ் பெட்டி என்றால் நல்ல கையுறையும் வேலை முடிந்ததும் நன்னீரில் கை கழுவுவதும் போதும். ஏரி நீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கணக்கோடு போக வேண்டும். விடை தெரியாமல் கையுறை வாங்கித் தருவதும் வீண், மனு கொடுப்பதும் வீண்.

யார் சேரலாம்? எங்கே தொடங்குவது?

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்த பிள்ளைக்கு வழி திறந்தே இருக்கிறது. விலங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல், செவிலியம், புள்ளியியல், மீன்வளம், பொறியியல் என்று எந்த இளநிலைப் பட்டத்திலிருந்தும் இந்தத் துறைக்கு வர முடியும். நமக்கு அருகிலேயே பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியும், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. பெண் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பத் தயாராக இருப்பவர்களுக்கு காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியும் நீதியரசர் பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரியும் உண்டு. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதை விண்ணப்பத்தின்போது மறக்க வேண்டாம். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

முதுநிலைக்கு முதல் படி உள்நாடு. போரூரில் உள்ள பிரிவைச் சொன்னோம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. தகுதியும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறுவதால் நிறுவனத்திடமே நேரில் கேளுங்கள்.

வெளிநாடு என்றால் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையை முதலில் முயலுங்கள். தேர்வானவருக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். திருப்பித் தர வேண்டியதில்லை. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை மாணவரே நேரடியாக அனுப்பலாம், ஏஜெண்டு தேவையில்லை. போட்டி கடுமையானது. நல்ல மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாக 'நான் ஏன் இதைப் படிக்க வேண்டும்' என்று மாணவரே எழுதும் கடிதம் ஆகியவை வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெளிநாட்டுக் கல்விக்கடன் வட்டிக்கு மானியம் தந்த 'படோ பர்தேஷ்' என்ற மத்திய அரசுத் திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்றுகிறது, நம்ப வேண்டாம். டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கல்விக்கடன் தருகிறது. ஆனால் அதுவும் கடன்தான், வட்டியும் உண்டு. நடப்பில் உள்ள உதவித்தொகைகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடனைப் பற்றி யோசியுங்கள். வீட்டை அடகு வைத்தோ நகையை விற்றோ ஏஜெண்டு கையில் பணம் கொடுக்க வேண்டாம்.

வேலை பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது மருத்துவப் பட்டம் அல்ல. மருந்து எழுதும் உரிமை தராது. ஆய்வு நிறுவனங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் அறிவியலாளர் பணி, தொழிற்சாலைகளின் தொழில்நலப் பிரிவு, பொதுச் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இடம் உண்டு. படித்து முடித்த மறுநாளே பெரிய சம்பளம் என்று யாராவது சொன்னால் அது விளம்பரம்.

அந்தக் குடும்பத்துக்கு எங்கள் பதில்

சென்ற வாரம் தாயையும் மகளையும் மீண்டும் அழைத்தோம். இம்முறை அத்தாவும் வந்தார். மகளைத் தூர தேசத்துக்கு அனுப்புவது பற்றிய அவருடைய கவலை நியாயமானது. அந்த முடிவு குடும்பத்தினுடையது. அதில் நாங்கள் தலையிட முடியாது. மூன்று விஷயங்களை மட்டும் சொன்னோம்.

முதலாவது, வெளிநாடு இன்றைய கேள்வியே அல்ல. போரூரில் படிப்பு இருக்கிறது, சென்னைக்கு ரயிலும் இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வெளிநாடு தேவையா என்று பிறகு யோசிக்கலாம்.

இரண்டாவது, சேருவதற்கு முன் மூன்று மாதம் அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதட்டும். அத்தாவோடு சேர்த்துப் பத்துப் பேர்: அரிப்பு உள்ளவர் ஐந்து, இல்லாதவர் ஐந்து. எந்த நாள், என்ன வேலை, எந்த நீர், எவ்வளவு நேரம், உடம்பில் எந்த இடம். ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுத்தான் எழுத வேண்டும். யார் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது. இதுவும் அந்தப் படிப்பின் பாடமே. மூன்று மாதம் சலிக்காமல் எழுதினால் இந்தத் துறை அவளுக்குப் பொருந்தும். சலித்துவிட்டால் பெரும் செலவில்லாமல் உண்மை தெரிந்துவிடும். விண்ணப்பக் கடிதம் எழுதும்போது அந்த நோட்டைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

மூன்றாவது, விண்ணப்பக் கட்டணத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் எங்கள் கல்வி நிதியிலிருந்து இன்ஷா அல்லாஹ் உதவுவோம். அவளுக்கு மட்டுமல்ல, இந்தத் துறைக்கு வர விரும்பும் ஏரிக்கரைப் பிள்ளைகள் யாராக இருந்தாலும்.

அத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "அந்த நோட்டுல முதல் பேரு என்னோடதா?" என்று மகளிடம் கேட்டார். "பேரு எழுதக்கூடாது அத்தா, நம்பர்தான்" என்றாள் அவள். வெளிநாட்டுக்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. நோட்டுக்குச் சம்மதித்திருக்கிறார்.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் அடிக்கடி வரும் நோய் எது? அது வரும் மாதத்துக்கும், நாம் செய்யும் வேலைக்கும், குடிக்கும் நீருக்கும் தொடர்பு இருக்கிறதா?

2. மருத்துவரிடம் போகும்போது நாம் என்ன வேலை செய்கிறோம், எந்த நீரைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்கிறோமா? அடுத்த முறை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லுவோம்.

3. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குடிநீர் கரிக்கிறதா? கரித்தால் அந்த மாதங்களிலாவது வேறு நல்ல நீருக்கு ஏற்பாடு செய்ய முடியுமா?

4. மினமாட்டா மக்கள் 12 ஆண்டுகள் காத்திருந்தார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று நடந்தால், முன்பு நாம் எப்படி இருந்தோம் என்பதைக் காட்ட நம்மிடம் என்ன பதிவு இருக்கிறது?

5. நம் பிள்ளைகளில் எண்ணிப் பார்க்கும் பழக்கமும் கேள்வி கேட்கும் துணிவும் உள்ளவர் யார்? அவரிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.

இந்தப் படிப்பு பற்றி மேலும் கேட்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும்.